சகன் தட்டில் செய்த பயிற்சி

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இன்றும் யாராவது ஒருவர் "கரண்டு அம்மா, நல்லாருக்கீகளா?" என்று எட்ட நின்றே சத்தம் போட்டுக் கூப்பிடுவார். கூட வரும் என் மருமகளுக்கு வெட்கமாகிவிடும். நான் மின்சார ஆபீசில் வேலை பார்த்தவள் என்று நினைத்து, வீட்டு மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்று என்னிடம் வந்து சண்டை போட்டவர்களும் உண்டு. நான் பார்த்தது அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்களை உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க விடுவது. எங்கள் அறையில் அசையாத தசையைத் தூண்டிவிட ஒரு சின்னக் கரண்டுப் பெட்டி இருந்தது. பாதி நாள் அது ரிப்பேரில் கிடக்கும். ஆனாலும் ஜனங்களுக்கு அந்தப் பெட்டிதான் வைத்தியம், நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள்.

என் இடத்துக்கு வந்திருக்கும் நிவேதா என்ற பெண் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். அதன் பலகையில் ஏறி நின்றால் முன்னால் டி.வி.யில் ஒரு பந்து ஓடும். உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து அந்தப் பந்தைக் கூடையில் போட வேண்டும். "எல்லாரும் அதுலதான் ஏறுவேன்னு அடம் புடிக்கிறாங்க மேடம். ஒங்க காலத்துல ஒண்ணுமே இல்லாம எப்படி பேலன்ஸ் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லாமலா? ஏண்டி, தரை இருந்துச்சுல்ல?" என்றேன்.

சிரித்துவிட்டு, அதை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதச் சொன்னால் சும்மா இருக்கிற ஆளா நான்?

எனக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய் போடும் குடும்பம். நான் பள்ளிக்கூடம் முடித்துப் பட்டணத்துக்குப் படிக்கப் போனபோது, படிப்பின் பெயர் எங்கள் அய்யா வாயில் நுழையவில்லை. "எம் மக மெட்ராசுல கை கால் படிக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எலும்பின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், மூன்று வேளையும் சாம்பார் சாப்பிட்டேன், பாஸ் பண்ணினேன்.

வேலையைக் கற்றது மதுரையில், ரெஜினா மேடத்திடம். அவர் அங்கே தலைமைப் பிசியோதெரபிஸ்ட். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை, மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டிய கைக்கடிகாரம். அவருடைய வார்டில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை உண்டு. 'பாவம்' என்று யாரும் சொல்லக் கூடாது. "பாவம் மேடம், இவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்று நாம் ஆரம்பித்தால் போதும், "நீ வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வா. பாவமெல்லாம் தீந்தப்புறம் உள்ள வா" என்பார். முதல் மாதத்தில் நான் குடித்த டீக்கு எனக்குப் பித்தமே தலைக்கேறிவிட்டது.

நோயாளியை எழுப்புவதில் அவர் படுத்தும் பாடு சொல்லி மாளாது. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் கண்ணாலேயே எரித்துவிடுவார். அப்படி இழுத்தால் தோள் மூட்டு கழன்று தொங்கிவிடும். அப்புறம் பக்கவாதத்தைவிடத் தோள்வலிதான் ஆளைக் கொல்லும். நோயாளியின் பலமில்லாத பக்கத்தில் நாம் நிற்க வேண்டும். கை அவருடைய இடுப்பில் இருக்க வேண்டும், அக்குளில் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் பாதங்களை முதலில் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். பிறகு அவர் முன்னால் குனிய வேண்டும். "மூக்கு கால் பெருவிரலுக்கு நேரா வரட்டும், அப்பத்தான் பின்பக்கம் தானா எந்திரிக்கும். தூக்காத. அவரையே எந்திரிக்க விடு" என்பார்.

இதை நம்பாத டாக்டர் ஒருவர், தூக்கிவிட்டால் என்ன குறைந்தா போகும் என்று கேட்டுவிட்டார். மேடம் மரியாதையாக அவரை ஒரு ஸ்டூலில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார். அவர் நெற்றியில் ஒற்றை விரலை வைத்து, "இப்ப எந்திரிங்க சார்" என்றார். நல்ல வாட்டசாட்டமான மனிதர் முக்கிப் பார்க்கிறார், முனகிப் பார்க்கிறார், எழ முடியவில்லை. குனிய முடியாத மனுஷன் எழவும் முடியாது. வார்டில் இருந்த நோயாளிகளெல்லாம் கைதட்டினார்கள். ஒரு கை விழுந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

அப்புறம் எனக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. எனக்கென்று ஒரு அறை, ஒரு ஆள் உயரக் கண்ணாடி, ஒரு பாய். பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பி கேட்டேன். மனு போட்டு ஓய்ந்து, கடைசியில் குழாய் வேலை செய்கிறவரைக் கெஞ்சி, தண்ணீர்க் குழாயிலேயே இரண்டு பக்கக் கம்பி அடித்து வாங்கிக்கொண்டேன். முதல் நோயாளி அதைப் பிடித்ததும், "இதுல தண்ணி வருமாம்மா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து ஜனங்களைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் கமுதிப் பக்கமிருந்து வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரியை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வேட்டி, தோள், கால் எல்லாம் காய்ந்த ரத்தம். வாசலில் நின்ற நர்ஸ் அலறிவிட்டாள். "யாரு வெட்டுனது? போலீசுக்குச் சொல்லியாச்சா?"

கூட வந்த மகன் பதறிப்போனான். "வெட்டுக்குத்தெல்லாம் இல்லம்மா. புறா."

"புறாவா வெட்டுச்சு?"

"அய்யோ இல்லம்மா, நாங்கதான் புறாவை வெட்டுனோம்!"

பக்கவாதத்துக்குப் புறா ரத்தத்தைச் சூடு ஆறுமுன் தேய்த்தால் விழுந்த பக்கம் எழுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. யார் தேய்த்தது என்று கேட்டேன். அவருடைய சம்சாரம், காலையிலும் சாயங்காலமும், விரல் விரலாக நீவித் தேய்த்திருக்கிறாள். தொட்டுப் பார்த்தேன். மூட்டு ஒன்றுகூட இறுகவில்லை, அவ்வளவு இளக்கமாக வைத்திருந்தாள். "தேய்ச்சது ரொம்ப நல்லது தாயி. அதை விட்டுறாத. புறாவ மட்டும் விட்டுரு" என்றேன். புறாவும் பிழைத்தது, சம்சாரியும் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தார்.

தங்கச்சிமடத்து அந்தோணி கதை இன்னும் கூத்து. அவர் விசைப்படகு டிரைவர். லேசான பக்கவாதம், சீக்கிரம் எழுந்துவிட்டார். ஆனால் நடக்கும்போது இரண்டு காலையும் அகல அகல வைத்து நடந்தார். சமநிலை சரியாக இல்லாதவர்கள்தான் அப்படிக் காலை அகட்டி நடப்பார்கள் என்பது எங்கள் பாடம். நானும் விடவில்லை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே கோட்டில் நட, காலை ஒடுக்கி வை என்று வாரக்கணக்கில் விரட்டினேன். மனிதர் வேர்த்து விறுவிறுத்து நடந்து பார்ப்பார், வெளியே போனதும் பழையபடி அகட்டிக்கொள்வார். ஒருநாள் அவரைக் கூட்டிப்போக அண்ணன் தம்பிமார் மூன்று பேர் வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மூன்று பேரும் அதே போலக் காலை அகட்டிக்கொண்டு வருகிறார்கள்!

"என்னய்யா, எல்லாருக்கும் வாதமா?" என்று கேட்டேவிட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீக? ஆடுற போட்டுல காலை ஒட்டி வச்சு நின்னா கடல்ல கெடக்க வேண்டியதுதான். நாங்க பொறந்ததுலருந்து இப்படித்தான் நடக்கோம்" என்றார் மூத்தவர்.

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்று அந்தோணியைக் கேட்டேன். "நீங்க ஆசையா கோடெல்லாம் போட்டீகளா, மனசு கேக்கல" என்றார். அன்றிலிருந்து யார் வந்தாலும், வாதம் வருமுன் அவர் எப்படி நடந்தார், எப்படி உட்கார்ந்தார், எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கீழக்கரை சீனி காதர் பாய் விஷயத்தில் நான் தோற்றிருப்பேன்.

அது தொண்ணூறுகளில் நடந்தது. பாய்க்குக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. ஊரில் ஒரு கல்யாணம், ஒரு விருந்து அவர் இல்லாமல் நடக்காது. வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக முன்வரிசையில் இருப்பாராம். அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் லேசாகக் கோணி, பேச்சு குழறி எங்களிடம் வந்தார். ஒரு காரில் ஏற்றிக்கொண்டு வாரத்தில் சில நாள் அழைத்து வருவார்கள். மனைவி ஆமினாம்மாவும், ஒரே மகள் ரஹ்மத்தும் கூட வருவார்கள்.

அந்த வீட்டு அன்பை எதிர்த்துத்தான் நான் முதலில் சண்டை போட வேண்டியிருந்தது. பாய் கண்ணைத் திருப்பினால் தண்ணீர் வரும். காலை அசைத்தால் ஆமினாம்மா ஓடிவந்து காலைத் தூக்கி வைப்பார். "அவுகளே செய்யட்டும்மா" என்றால், "பாவம்மா அவுக" என்பார். ரெஜினா மேடம் இருந்திருந்தால் ராமநாதபுரத்தில் டீ தீர்ந்துபோயிருக்கும். நான் கத்துவேன், அவர் கண்ணைத் துடைப்பார், அப்புறம் இரண்டு பேரும் சமாதானமாகி அவர் கொண்டுவந்த பணியாரத்தைச் சாப்பிடுவோம்.

மெதுவாகப் பாய் தேறினார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கினார், கட்டிலோரம் உட்கார்ந்தார், மூக்கைப் பெருவிரலுக்கு நேராகக் கொண்டுவந்து எழுந்தார், தண்ணீர்க் குழாயைப் பிடித்து நடந்தார், பிறகு கம்பு, பிறகு கம்பும் இல்லை. பேச்சும் தெளிந்தது, மெதுவாக வரும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் வைத்தியம் முடிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ரஹ்மத்துக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறவர், லீவில் வந்திருந்தார். லீவு முடிந்தால் திரும்ப வேண்டும், தேதியைத் தள்ள வழியில்லை. நான் சந்தோஷமாக விசாரித்தால் அந்தப் பெண் அழுகிறாள்.

"வாப்பா மாட்டேங்கிறாக. சின்னாப்பா குடுக்கட்டுமாம்" என்றாள்.

அவள்தான் எனக்கு விளக்கினாள். நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பனார் சபையின் நடுவே தரையில் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, தன் வலது கையால் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அவரால் முடியாவிட்டால் அவர் சொல்லி இன்னொருவர் செய்யலாம், அதில் குற்றமில்லை. பாய் தன் தம்பி ஜமாலைச் செய்யச் சொல்லிவிட்டார். "செய்யலாம்தான். ஆனா வாப்பா உசுரோட எதிர்த்தாப்புல இருக்கும்போது வேற ஆளு ஏம்மா குடுக்கணும்?" என்று கேட்டாள்.

பாயைத் தனியாக வைத்துக் கேட்டேன். அவர் வலது கையை நீட்டினார். "புடிங்க" என்றார்.

பிடித்தேன். அவர் விரல்கள் என் கையைச் சுற்றி மூடிக்கொண்டன.

"இப்ப விடச் சொல்லுங்க பாப்போம்."

"விடுங்க பாய்."

விட முடியவில்லை. முகம் சிவக்கச் சிவக்க முயன்றார். முயல முயலப் பிடி இறுகியது. கடைசியில் நானே ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கையை எடுத்தேன்.

பக்கவாதம் வந்த கையில் இதுதான் சங்கடம். பிடிப்பது முதலில் வந்துவிடும், விடுவது கடைசியில்தான் வரும். பதற்றப்பட்டால் இன்னும் இறுகும்.

"ஊரே ஒக்காந்திருக்கும். மாப்புள்ள கைய இப்படிக் கவ்விக்கிட்டு, நாலு பேரு வந்து வெரலப் பிரிச்சு எடுக்குற காட்சியை எம் மக கல்யாணத்துல நான் காட்டணுமா? சொல்லுங்க. தரையில ஒக்காந்தா எந்திரிக்கவும் தெரியாது. ஜமால் குடுக்கட்டும்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நடக்க வைத்தேன், நடக்க வைத்தேன் என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டேனே, இந்த மனிதருக்கு வேண்டியது நடையா? ஞாயிற்றுக்கிழமைதோறும் கீழக்கரைக்கு நானே வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் தரை. உறுதியான ஒரு முக்காலியை முன்னால் போட்டு, அதில் இரண்டு கையையும் ஊன்றி, வலது முட்டியை மெதுவாகத் தரையில் இறக்க வேண்டும். பிறகு இடது முட்டி. அப்படியே இடது பக்கமாகப் பின்புறத்தை இறக்கி உட்கார்ந்து, காலைச் சம்மணத்துக்குக் கொண்டுவர வேண்டும். எழும்போது எல்லாம் திருப்பி. முட்டி போட்டு, நல்ல காலான இடது பாதத்தை முன்னால் ஊன்றி, குனிந்து, எழுதல். முதல் தடவை அவர் முட்டி தரையில் பட்ட சத்தத்துக்கு ஆமினாம்மா "யா அல்லா!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். வந்தவர்கள் போகவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார்கள்.

தரை சீக்கிரம் வசப்பட்டது. கைதான் மசியவில்லை. உட்கார்ந்தபடி வலது உள்ளங்கையை விரித்துத் தரையில் ஊன்றி, அதன்மேல் உடம்பின் பாரத்தைச் சாய்த்து நிறுத்தினால் இறுகிய விரல்கள் இளகும். அதைச் செய்தோம். மரக்கட்டைகளை எடுத்து எடுத்து டப்பாவில் போடச் சொன்னேன். எடுப்பார், போட வராது. உதறுவார். "சின்னப்புள்ள வெளையாட்டு" என்று கட்டையைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாள் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்தது. பேசாமல் ஜமாலே கொடுத்துவிட்டுப் போகட்டும், நமக்கெதற்கு இந்த வீம்பு என்றுகூட நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பயிற்சி முடிந்ததும் என்னைச் சாப்பிடச் சொல்லி ஆமினாம்மா பிடித்துக்கொண்டார். அந்த ஊர் விருந்தில் ஆளுக்கொரு இலை கிடையாது. சகன் என்று ஒரு பெரிய வட்டத் தட்டு, அதில் சோறு, நடுவில் கறி. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஆமினாம்மா, ரஹ்மத், ஜமால், நான் என்று உட்கார்ந்தோம். பாய் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து, தனித்தட்டில், இடது கையால் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டார். வாதம் வருமுன் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"சகன்லதான். இந்தக் கையால" என்று வலது கையைக் காட்டினார். "எடக்கைய சகன்ல வைக்க முடியுமா? அதான் ஒதுங்கிட்டேன். இப்ப விருந்துக்கும் போறதில்ல."

"அப்ப சோத்தாங்கையாலயே வந்து சாப்புடுங்க. ஜமால் பாய், நீங்க எந்திரிங்க" என்றேன்.

முக்காலி வந்தது, பாய் இறங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், ஆமினாம்மா நடுவில் இருந்த கறியையெல்லாம் அவர் பக்கம் தள்ளத் தொடங்கினார். "தள்ளாதீக! அவுக கை நீளணும்" என்று அதட்டினேன். எதிர்ப்பக்கம் இருக்கும் துண்டை எட்டி எடுங்கள் என்று பாயிடம் சொன்னேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடுத்தவுக பக்கம் கைய நீட்டி எடுத்துத் திங்கிறது எங்கள்ல மொறையில்ல. தனக்கு முன்னால இருக்கிறதத்தான் திங்கணும்."

"ஒங்க மொறை எனக்குத் தெரியாது பாய். எனக்கு ஒங்க கை நீளணும்."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எடுத்துத் திங்கத்தான் கூடாது. எடுத்து வைக்கலாம்."

அந்த ஊரில் அது மரியாதை. நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, கூடச் சாப்பிடுகிறவர் பக்கம் வைப்பது. பாய் வலது கையை நடுவுக்குக் கொண்டுபோய் ஒரு கறித்துண்டை எடுத்தார். கை ஆடியது. ஆடிக்கொண்டே, வலது பக்கம் இருந்த ரஹ்மத்தை நோக்கிப் போனது. உடம்பு தானாக வலது பக்கம் சாய்ந்து பாரம் தாங்கியது. நான் மூன்று ஞாயிறாகத் தொண்டை கிழியக் கத்தியும் வராத சாய்வு அது! மகளுக்கு முன்னால் போய்க் கை நின்றது. விரல் விடவில்லை.

"மணிக்கட்டை மட்டும் தொங்க விடுங்க பாய். வெரல நெனைக்காதீக" என்றேன். மணிக்கட்டு கீழே மடங்கினால் இறுகிய விரல்கள் தாமாக விரியும். உடம்பின் கட்டுமானமே அப்படி. மணிக்கட்டு தொங்கியது. துண்டு விழுந்தது. ரஹ்மத் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய, "காரம்" என்றாள்.

அப்புறம் அந்த வீட்டில் தினமும் சகன்தான். இடது பக்கம் ஒருவர், எதிரே ஒருவர், வலது பக்கம் ஒருவர். பாய் ஒவ்வொருவருக்கும் எடுத்து வைக்க வேண்டும். சின்னப்புள்ள விளையாட்டு என்று கட்டையைத் தள்ளியவர், ஊட்டப்படுகிற ஆளாக இருந்து அலுத்துப்போனவர், இப்போது விருந்து கொடுக்கிற ஆளாகிவிட்டார், விடுவாரா? பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைபோட்டு வந்து உட்கார்ந்தார்கள். "காக்காவுக்கு வைத்தியம் பாத்து எனக்குத் தொப்பை போட்டுருச்சு" என்றார் ஜமால். அண்ணனை அங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆமினாம்மா கறி வாங்கியே ஓய்ந்துபோனார். ஆனால் 'பாவம்' என்று அப்புறம் அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

துண்டை விடுவது வந்துவிட்டது. மனிதக் கையை விடுவது அவ்வளவு லேசில்லை. ஜமாலை மாப்பிள்ளையாக உட்கார வைத்துக் கையைப் பிடிக்கச் சொல்வேன். "ஏலே மாப்புள, எம் மகளைக் கண்கலங்காமப் பாத்துக்குவியா?" என்று பாய் தம்பியைக் கேட்க, "பொண்ணுக்கு நான் குடுக்குற மஹர் பணத்தைக் கொறைச்சுக்கிட்டா பாத்துக்கிறேன் மாமா" என்று அவர் சொல்ல, வீடு சிரிக்கும். சிரிக்கும்போது விரல் விரிந்துவிடும். சிரிக்காதபோது சிலசமயம் விரியும், சிலசமயம் விரியாது. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறுகூட ஒருதரம் மாட்டிக்கொண்டது. பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"மாட்டுனா மாட்டட்டும் பாய். மணிக்கட்டைத் தொங்க விடுங்க" என்றேன். எனக்கு உள்ளுக்குள் உதறல்தான்.

கல்யாணத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். ஆண்களெல்லாம் கீழே பந்தலில். பெண்கள் மாடியில், ரஹ்மத்தைச் சுற்றி. நானும் அங்கேதான். அங்கிருந்து ஒன்றும் தெரியாது, ஒலிபெருக்கியில் கேட்பதுதான். கடைசி நிமிஷத்தில் பாய் மனம் மாறி ஜமாலை உட்கார வைத்துவிட்டால்? ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கி கொரகொரத்தது. நிக்காஹ் நடத்திவைக்கும் ஆலிமின் குரல் சொல்லிக்கொடுத்தது. அப்புறம் ஒரு குரல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, "என்... மகள்... ரஹ்மத்தை..." என்றது.

"வாப்பா!" என்றாள் ரஹ்மத். மாடி முழுக்க ஒரே விசும்பல். ஆமினாம்மா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டார். கொடுத்தேன் என்று பாய் சொல்லி முடித்தார். ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளையின் குரல் வந்தது. அடுத்து மணமக்களுக்காக துஆ, அதாவது பிரார்த்தனை, ஓத வேண்டும்.

ஓதவில்லை. ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும். ஆமினாம்மா முக்காட்டை விலக்கி என்னைப் பார்த்தார்.

"மாமா... கைய விடலாம்" என்று ஆலிம் தணிந்த குரலில் சொன்னது மைக்கில் ஊருக்கே கேட்டது.

மறுபடி இரைச்சல்தான். "மாட்டிக்கிச்சாம்மா?" என்றார் ஆமினாம்மா. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காரவா முடியும்? மணிக்கட்டு, மணிக்கட்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, என் மணிக்கட்டைத் தொங்கவிட்டபடி நின்றேன். எவ்வளவு நேரமோ, தெரியவில்லை. அப்புறம் கீழே ஆண்கள் லேசாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. துஆ தொடங்கியது. அப்போதுதான் என் மணிக்கட்டை நிமிர்த்தினேன்.

கூட்டம் சாப்பிடப் போனதும் பாய் படியேறி வந்தார். புதுச் சட்டை, அத்தர், நிமிர்ந்த நடை. ரஹ்மத் ஓடிப்போய் அவர் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். வலது கையால்தான் அவள் தலையைத் தடவினார். நான் விடுவேனா? எனக்கு வேலைதான் முதலில்.

"என்ன பாய், அவ்வளவு சொல்லியும் வெரல் மாட்டிக்கிச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மாட்டலயே" என்றார். "நீங்க சொன்னபடி மணிக்கட்டைத் தொங்க விட்டேன். பூப்போல விரிஞ்சுருச்சு."

"அப்புறம் ஏன் அவ்வளவு நேரம்?"

பாய் மகளைப் பார்த்தார். பிறகு அவளுக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்து சொன்னார்.

"ஒத்தப் புள்ள தாயி. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் குடுப்போமேன்னு, மறுபடியும் நாந்தான் புடிச்சுக்கிட்டேன்."